வாய்க்கால் மீனில் நீல நூல்

மூன்று வருடங்களுக்கு முன், குறுவை நட்டு வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடிய நேரம். வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்தில் மைக்ரோபிளாஸ்டிக் என்ற நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். எல்லோரும் முத்துப்பேட்டை கடலோரத்தையே ஆராய்கிறார்கள், வயல் வாய்க்காலைத் தொட்ட முதல் ஆள் நான்தான் என்று எனக்கு ஏகப்பட்ட மிதப்பு.

மீன் பிடித்துத் தந்தது ஒரு அக்கா. புருஷன் இல்லை. வாய்க்காலில் வலை போட்டு, கெண்டையும் கெளுத்தியும் விற்றுத்தான் இரண்டு பெண்களைப் படிக்கவைத்தார். நான் கரையில் உட்கார்ந்து மீனை அறுத்துக் குடலை பாட்டிலில் போடும்போது, “வெயிலு கொளுத்துது டீச்சர்” என்று என் நீலத் துப்பட்டாவை அவரே என் தலையில் போட்டுவிடுவார். நான் டீச்சர் இல்லை என்று சொன்னாலும் கேட்கமாட்டார்.

லேபில் பார்த்தால், ஒரு மீன் விடாமல் நீல பிளாஸ்டிக் நூல்! சரிபார்க்கப் பொறுமையில்லை. அடுத்த தடவை போனபோது டீக்கடையில் போட்டோவைக் காட்டி, “உங்க வாய்க்கா மீன் வயித்துல பூரா பிளாஸ்டிக்தாங்க” என்று பெருமையாக அளந்தேன். அக்கா மீன் கூடையோடு அங்கேதான் நின்றிருந்தார். மீன் வாங்க வந்த இருவர் பையைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

நான்கு மாதம் கழித்து என் பேராசிரியர், “வெறும் தண்ணிய கரையில திறந்து வெச்சுப் பாத்தியாம்மா?” என்றார். பார்க்கவில்லை. பிறகு அதே துப்பட்டாவோடு லேபில் உட்கார்ந்து பார்த்தபோது, மீனே இல்லாத அந்தத் தண்ணீரிலும் அதே நீல நூல். என் பாலியஸ்டர் துப்பட்டாவிலிருந்து உதிர்ந்ததுதான். இந்த வேலைக்குப் பருத்தி உடைதான் உடுத்த வேண்டும் என்று முதல் நாளே லேபில் சொல்லியிருந்தார்கள். மண்டையில் ஏறவில்லை, பாவி.

பதறிப்போய் ஊருக்கு ஓடினேன். அக்கா நூறு நாள் வேலையில் மண் சுமந்துகொண்டிருந்தார். மீன் வாங்க ஆளில்லையாம். சின்னப் பெண் காலேஜை நிறுத்திவிட்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாளாம்.

“தப்பு என்னுதுக்கா, அது என் துப்பட்டா நூல்” என்று அழுதேன்.

கூடையை இறக்கிவைத்தார். “அப்ப மீன்ல ஒண்ணும் இல்லன்னு எல்லார்ட்டயும் சொல்லிடுறீங்களா டீச்சர்?”

அதையும் சொல்ல முடியவில்லை. ஒழுங்காக முதலிலிருந்து பார்த்தால்தான் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க இந்தப் பக்கத்து வாய்க்கால் பற்றி வேறு ஆய்வும் கிடைக்கவில்லை. “தெரியாதுக்கா” என்றேன்.

“அன்னைக்கு மட்டும் தெரிஞ்சுதா?”

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுபடி எல்லாம் செய்து பட்டம் வாங்கிவிட்டேன். ஆனால் பாதியில் நின்ற அந்தப் பெண்ணின் படிப்பை நினைத்தால், என் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ என்று எழுத இன்றும் கை கூசுகிறது.