குளத்தருகே நிற்பவள் பெயர் லெயொந்தின்

லியோன் நகரத்துச் சந்தையில் முப்பது வருடம் மாட்டுக்குடல் விற்றவர் மதாம் ஒதெத் மர்னா. விலை கேட்டுவிட்டு நகர்கிறவர்களை அவர் பார்க்கும் பார்வைக்குப் பயந்தே பலர் அரைக் கிலோ வாங்கிப் போவார்கள். அறுபது வயதில் கடையை விட்டார். 1975 வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் காவலாளியாக இருந்த சிற்பக் கூடத்துக்கு வந்தார்.

பட்டு வியாபாரி ஒருவர் கட்டிய மாளிகை அது. கடைசியாக அங்கே குடியிருந்த சிற்பி, தன் சிலைகளை ஊருக்கு எழுதிவைத்துவிட்டு இறந்துபோனார். தோட்டத்துக் குளத்தருகே, தண்ணீரில் இறங்கப் போகிறவளாக, வெண்கலத்தில் ஒரு பெண் நிற்கிறாள். உடம்பில் துணி இல்லை. அடியில் பலகை: ‘குளிக்கும் பெண், 1911. மாடல் யாரென்று தெரியவில்லை.’

வழிகாட்டி ஒரு கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். “அந்தக் காலத்துல தெருவுல நிக்கிற பொண்ணுங்களைத்தான் கூட்டிட்டு வருவாங்க. இவளும் அப்படித்தான் இருக்கணும்.”

“யாரைச் சொல்றீங்க?” என்று முன்னால் வந்தார் மதாம் மர்னா. “அது எங்கம்மா லெயொந்தின். சலவைக்கடையில இஸ்திரி போட்டவ. அந்தக் கூலி பத்தாம மத்தியானத்துல இங்க வந்து நின்னா.”

“கொஞ்சம் மெதுவா, மதாம்” என்றேன்.

“இத்தனை வருஷம் மெதுவாத்தான் பேசினோம், முசியே. சர்ச்சுக்குப் பூசைக்குப் போனா எங்கம்மா பக்கத்துல ஒருத்தி உக்கார மாட்டா. இனிமே முடியாது.”

சத்தம் கேட்டு அருங்காட்சியகத் தலைவர் துப்ரெய் இறங்கி வந்தார். மரியாதையாகத்தான் கேட்டார்: “காகிதம் ஏதாவது வச்சிருக்கீங்களா, மதாம்?”

மதாம் மர்னா குளத்து விளிம்பில் உட்கார்ந்தார். இடது கால் செருப்பைக் கழற்றினார், காலுறையைச் சுருட்டி இறக்கினார். எழுந்து போய், வெண்கலப் பாதத்துக்குப் பக்கத்தில் தன் பாதத்தை வைத்தார். இரண்டிலும் இரண்டாவது விரல் கட்டைவிரல் மேல் ஏறிக் கிடந்தது.

துப்ரெய் குனிந்து பார்த்தார். “கால்விரல் ஆவணம் ஆகாது, மதாம்.”

“தெருவுல நின்னவள்னு உங்க ஆளு சொன்னாரே, அதுக்கு என்ன ஆவணம் இருக்கு?”



அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் சிலையருகே நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் அம்மாவின் கதையைச் சொன்னார் மதாம் மர்னா. இலையுதிர் காலத்தில் பலகை மாறியது: ‘மாடல்: லெயொந்தின் மர்னா (இருக்கலாம்).’ அதைப் படித்தார். என் கண்முன்னாலேயே வீட்டுச்சாவியை எடுத்து, ‘இருக்கலாம்’ என்ற சொல்லை நிதானமாகக் கீறி அழித்தார்.

மூன்று மாதம் உள்ளே வரக் கூடாது என்றார் துப்ரெய்.

“மூணு மாசம்தானே” என்றார் மதாம். அந்த மூன்று மாதமும் இரும்புக் கேட்டுக்கு வெளியே நின்று, வரிசையில் நின்றவர்களிடம் பேசினார். மழை பெய்தால் குடையோடு பேசினார்.

இதற்கிடையில் அதே வாசகத்தோடு புதுப் பலகை வந்தது. மாட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். கருவிக் கொட்டகையில் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். பத்தொன்பது வருட வேலையில் நான் கேட்காமல் விட்ட முதல் உத்தரவு அது.

“ஏன் இன்னும் மாட்டலை?” என்றார் துப்ரெய்.

“மாட்ட மனசு வரலை, முசியே.”

என்னையே பார்த்தார். பிறகு தோட்டத்தைப் பார்த்தார். மாடியேறிப் போய்விட்டார். அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

தடை முடிந்த ஞாயிறு, கதவு திறக்கும்முன்பே மதாம் மர்னா வந்து நின்றார். நேராகக் குளத்துக்குப் போய், கீறல் விழுந்த பலகையைக் குனிந்து பார்த்தார்.

“புதுசு வரலையா?”

“வந்துச்சு. நான் மாட்டலை.”

“மாட்டினா அதையும் கீறுவேன்.”

“தெரியும் மதாம்.”

மேலங்கியின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, படியிறங்கி வந்த முதல் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தார். “இப்படி வாங்க. எங்கம்மாவைக் காட்டுறேன்.”