வாட்டி இம்லாவுக்கு வராத அட்டை

கிரெய்க்லென்னி மாளிகை மூன்று எசமான்களைக் கண்டதை வாட்டி இம்லா தன் கண்ணால் பார்த்தவர். கோபுரம் கட்டிய லெஸ்லி வம்சத்தின் கடைசி ஆள் சீட்டாட்டத்தில் வீட்டைத் தோற்று லண்டனுக்கு ஓடினார். அதை வாங்கிய டண்டீ நகரத்துச் சணல் ஆலைக்காரர் புதுக் கட்டு ஒன்றும் கண்ணாடி வீடு ஒன்றும் எழுப்பி, அதில் வைத்த திராட்சை பழுக்கும் முன்னே போய்ச் சேர்ந்தார். பெரிய போர் முடிந்ததும் மேஜர் ராட்ரே வந்தார். எசமான்கள் வருவார்கள், போவார்கள். தோட்டக்காரர் வாட்டி மட்டும் நாற்பத்தைந்து வருடமாக அதே மதிலுக்குள் கிடந்தார்.

அந்த மார்ச் மாதம் மேஜர் நெஞ்சடைத்துச் செத்தார். எங்கள் பக்கத்தில் சவப்பெட்டியைக் குழியில் இறக்க எட்டுக் கயிறு. எந்தக் கயிறு யாருக்கு என்று எண் போட்டு அட்டை வரும். கயிறு கிடைத்தவன்தான் அந்த வீட்டுக்கு வேண்டியவன். லெஸ்லி ஓடிப்போனவர், சணல்காரரை டண்டீயிலேயே புதைத்துவிட்டார்கள். இந்தத் தடவையாவது தனக்கு ஒரு கயிறு வரும் என்று வாட்டி கறுப்புக் கோட்டைத் தூசி தட்டி வைத்தார்.

அட்டை வந்தது, ரோரி மட்சுக்கு! மலையடியில் தனி வீட்டில் இருந்துகொண்டு மேஜரின் வேட்டைக்காட்டைக் காக்கும் காவலன் அவன். ஊருக்கு வந்து பத்து வருடம் ஆகவில்லை. அவனுக்கு ஆறாம் கயிறு.

தூசி தட்டி வைத்த கோட்டை வாட்டி மறுபடி பெட்டிக்குள் திணித்தார்.

"நேத்து முளைச்ச காளான்! கௌதாரி சுடக் கூடப் போனவனுக்குக் கயிறு, வருஷா வருஷம் பழம் பறிச்சுக் குடுத்தவனுக்கு ஒண்ணுமில்லையா?" என்று மனைவி எல்ஸ்பெத்திடம் கத்தினார்.

"சும்மா போய் நின்னுட்டாவது வாங்க. ஊர் என்ன பேசும்?"

"அந்தப் பய கயிறு புடிக்கிறதை நான் வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்கணுமா? போமாட்டேன், போ!"

போகவும் இல்லை. அடக்கத்துக்குத் தேவாலய மணி அடித்தபோது கண்ணாடி வீட்டில் பூந்தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். ரோரி வழுக்கிக் குழிக்குள் விழுந்தால் தேவலை என்றுகூட நினைத்தார், பாவி மனுஷன்.

அடக்கம் முடிந்ததும் ரோரியே தேடி வந்தான்.

"எங்கண்ணே போயிட்டீங்க? மூணு தடவை உங்க பேரைக் கூப்பிட்டாங்க."

"என் பேரையா? எனக்கு ஏதுடா அட்டை?"

"அட்டையெல்லாம் வெளியாளுக்குத்தானாம். பெத்த மகனுக்கே அனுப்பலையே! 'வாட்டி நம்ம வீட்டு ஆளு, அவருக்குப் போய் யாராவது அட்டை அனுப்புவாங்களா'ன்னு எசமானியம்மா அழுவுறாங்க. தலைமாட்டுல மகன், கால்மாட்டுல நீங்க. ரெண்டாம் கயிறு. மேஜரே எழுதி வெச்சுட்டுப் போயிருக்காரு."

வாட்டி கவிழ்த்த தொட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"என் கயித்தை யார்டா புடிச்சது?"

ரோரி தலையைச் சொறிந்தான். "நான்தாண்ணே. என் கயித்தை இன்னொருத்தர்ட்ட குடுத்துட்டு அங்க போய் நிக்கச் சொன்னாங்க."

அதன்பின் பதினோரு வருடம் உயிரோடு இருந்தார் வாட்டி. ரோரியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.