நாலு இல்லை, மூன்று

அந்த மனிதரின் முகம் எனக்கு மறந்துபோய்விட்டது. அவர் கையில் இருந்த பிளாஸ்டிக் குழாய் மட்டும் மறக்கவில்லை. வீட்டுக்கு ஏதாவது திருத்தவேலைச் சாமான் வாங்கப் போகிற கடையில், வடிகாலுக்குப் போடுகிற அந்த வெள்ளைக் குழாயைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கூட வருபவர்கள், இந்த மனுசிக்கு என்ன பிடித்தது என்று பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்கள் ஹில்ஸ்பரோவில் வாடகை வீட்டில் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து நேரே ஆக்லாந்துக்கு வந்தவர்கள் அல்ல நானும் என் கணவரும். இடையில் சில வருடங்கள் மெல்பர்னில் இருந்தோம். அங்கே நான் பிஸ்கட் பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். திங்கட்கிழமை காலையில் அங்கே வேறு பேச்சே கிடையாது. சனிக்கிழமை ஆட்டத்தில் யார் வென்றது, யார் பந்தைக் கோட்டைவிட்டது, நடுவருக்குக் கண் தெரியுமா தெரியாதா என்பதுதான் பேச்சு. வேலைக்குச் சேர்ந்து வெகுநாள் என்னோடு யாரும் கதைக்கவில்லை. பிறகு ஒருத்தி வந்து, "உன்னுடைய அணி எது?" என்று கேட்டாள். சுவரில் ஒட்டியிருந்த படத்தில் நிறம் பிடித்த ஒன்றைத் தொட்டுக் காட்டினேன். அந்த வருடம் எல்லோரிடமும் தோற்றுக்கொண்டிருந்த அணி அது. என்மேல் இரக்கப்பட்டு அன்றைக்கே பாதித் தொழிற்சாலை என்னோடு கதைத்தது. அன்று பிடித்த பைத்தியம் பிறகு விடவில்லை.

ஆஸ்திரேலியக் கால்பந்து தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மைதானம் நீள்வட்டம், பந்து முட்டை. ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையால் உதைத்தால் ஆறு புள்ளி. பக்கத்து இடைவெளியால் போனாலோ கம்பத்தில் பட்டாலோ ஒன்று. குறி தவறியவருக்கும் ஒரு புள்ளி கொடுக்கிற விளையாட்டு என்பதாலேயே எனக்கு அதில் ஒரு மரியாதை.

கணவருக்கு ஆக்லாந்து நகர மையத்தில் ஒரு வங்கியில் வேலை கிடைத்து இங்கே வந்தபோது என் ஆட்டம் கடலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. இங்கே ரக்பி. பஸ்ஸில் ரக்பி, தொலைக்காட்சியில் ரக்பி, நான் வேலைக்குப் போன நியூ லின் துணிக்கடையில் திரைச்சீலைக்கு அளவு கொடுக்க வருகிறவர் வாயிலும் ரக்பி. அப்போது என் தங்கை எங்களோடு இருந்து பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் பின்னேரம் வந்து, விளம்பரப் பலகையில் ஒரு தாள் கண்டதாகச் சொன்னாள். ஆஸ்திரேலியக் கால்பந்து ஆடப் பெண்கள் தேவையாம், பழக்கம் இல்லாவிட்டாலும் பரவாயில்லையாம்.

"இது உங்கட கேம்தானே அக்கா? நான் சேரட்டே?"

ஊரில் பள்ளிக்கூட அணியில் வலைப்பந்து ஆடியவள் அவள். சேர்ந்தாள். மெல்பர்னிலிருந்து வந்த தாதிமார், வலைப்பந்து ஆடிப் பழகிய சமோவாப் பெண்கள், தபால் கொண்டுதிரியும் ஒருத்தி என்று சேர்த்து எப்படியோ இரண்டு அணிகள் தேறின. அவர்களுக்கு நிலையான கம்பங்கள் இல்லை. வடிகால் குழாய்களை வாங்கி, ஆட்டத்துக்கு ஆட்டம் குழி தோண்டி நட்டார்கள்.

செய்தி எங்கள் சனத்துக்கு எட்ட எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒரு பிறந்தநாள் விருந்தில், பாயசக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு அக்கா என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"உங்கட தங்கச்சி காற்சட்டையோட சேத்துக்குள்ளை உருளுறாவாம். நாளைக்கு ஒரு கலியாணம் பேச வேண்டாமே?"

"ஓம் அக்கா, உருளுறா. நல்லா உருளுறா. ஒருநாள் வந்து பாருங்கோவன்," என்றேன். அவர் வரவில்லை.

நான் சொல்ல வந்த ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தூறலும் வெயிலும் மாறி மாறி வந்தன. காரை ஓட்டி வந்த என் கணவர் காருக்குள்ளேயே பேப்பரோடு இருந்துவிட்டார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யாரோடும் மரியாதை தவறிக் கதைக்கத் தெரியாத மனிதர். வாங்கோ, போங்கோதான். பக்கத்து வீட்டு நாய் எங்கள் முற்றத்துக்கு வந்தால்கூட, "அங்கால போங்கோ" என்றுதான் துரத்துவார். வீட்டில் ஒருமையில் கூப்பிடுவது என் தங்கையை மட்டும்தான், அதுவும் செல்லத்துக்கு.

எங்களுக்குப் பிறகு மைதானம் ஆண்கள் ரக்பி அணி ஒன்றின் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த அணியின் பயிற்சியாளர்தான் நான் சொன்ன குழாய் மனிதர். பாதி ஆட்டத்திலேயே, கழுத்தில் ஒரு விசிலோடு வந்துவிட்டார். பையன்கள் உடம்பைச் சூடாக்க வேண்டும், மிச்சத்தைக் கொஞ்சம் சுருக்கி ஆடலாமே என்றார். இவ்வளவு நேரம் ஓடினால் பெண்களுக்கும் களைத்துப்போகும் அல்லவா என்று சிரிக்க வேறு சிரித்தார். எங்களுக்கு ஒதுக்கிய நேரம் இன்னும் எவ்வளவோ இருந்தது. ஆனால் நடுவராக நின்ற பெண் சரி என்றாள். எங்கள் அணித் தலைவியும், பரவாயில்லை, பரவாயில்லை என்றாள். கேட்டவர் கொஞ்சமும் கூசவில்லை. கொடுத்தவர்கள் மன்னிப்புக் கேட்காத குறை. அரை மணித்தியாலம் போகவில்லை, அவருடைய பையன்கள் எல்லைக் கோட்டுக்கு உள்ளே நின்று பந்தெறிந்து விளையாடத் தொடங்கினார்கள். எங்கள் பெண்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். நான் கத்தினேன். ஒருவன் திரும்பி எனக்குக் கைகாட்டினான், நான் ஏதோ வாழ்த்துச் சொன்னதுபோல.

அந்த ஆட்டத்தில் ஒரு கூப்பாடு உண்டு. பந்தை வைத்திருப்பவளை எதிரணிக்காரி மறித்துப் பிடித்துவிட்டால் அவள் பந்தை உடனே விட்டாக வேண்டும். விடாவிட்டால், மறித்துப் பிடித்தவளுக்கே பந்து. அப்போது பார்க்க வந்தவர்கள் நடுவருக்குக் கேட்கும்படி, 'போல்!' என்று கத்துவார்கள். பந்தைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஆஸ்திரேலியக்காரர்கள் அதை இழுத்துக் கத்தும்போது கடைசி எழுத்துக் காற்றில் கரைந்துவிடும். 'போஓஓ' என்பதுதான் மிஞ்சும்.

கடைசிப் பகுதியில் என் கணவர் குடையோடு காரை விட்டு இறங்கி வந்தார். முகத்தில் ஒரு சந்தோஷம்.

"என்னப்பா, இவையள் எங்களை மாதிரியே போ, போ எண்டு கத்துகினம்?"

நான் ஆட்டத்தில் கண்ணாக இருந்தேன். உம் கொட்டினேனே தவிர, அவர் சொன்னது மண்டையில் ஏறவில்லை. அடுத்த நிமிடம் என் தங்கை பந்தோடு வந்தாள். எதிரணிக்காரிகள் இரண்டு பேர் அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்தார்கள். என் கணவர் குடையை எறிந்துவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினார்.

"போ! போ பிள்ளை, போ!"

நடுவர் விசில் ஊதினாள். பந்து எதிரணிக்குப் போனது. பக்கத்தில் நின்ற எதிரணி ஆதரவாளர் ஒருவர் என் கணவரின் முதுகில் தட்டி, சரியாகச் சொன்னாய் என்றார். அந்தப் பந்திலேயே அவர்கள் ஆறு புள்ளி எடுத்தார்கள். இரண்டு புள்ளி முன்னால் நின்ற நாங்கள் நாலு புள்ளி பின்னால் போனோம்.

"நீங்கள் ஆருடைய ஆள்?" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

"ஓடச் சொல்லித்தானேயப்பா கத்தினன்," என்றார் பாவம்.

இதற்குள் நேரம் முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது. நேரம் பார்க்கிற பெண் தன் காரின் ஹோர்னை அடிப்பாள். அதுதான் எங்கள் சைரன். நடுவிலிருந்து யாரோ உயர உதைத்த பந்துக்கு என் தங்கை துள்ளினாள். எதிரணிக்காரியின் தோளுக்கு மேலால் எட்டி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விழுந்தாள். அவள் எழும்பும்போது ஹோர்ன் கேட்டது.

இந்த ஆட்டத்தின் விதி மிகத் தெளிவானது. உதைத்த பந்தை நேரம் முடியுமுன் நிலத்தில் படாமல் பிடித்தவளுக்கு, நேரம் முடிந்த பிறகும் ஒரு உதை உண்டு. உலகமே வீட்டுக்குப் போனாலும் அந்த உதை அவளுடையது. நடுவில் போனால் நாங்கள் வென்றோம்.

ஆனால் ஹோர்ன் கேட்டதும் அத்தனை பையன்களும் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். அந்த மனிதர் நேரே போய் நடுக் கம்பங்களில் ஒன்றைப் பிடுங்கினார். சொந்த வளவில் மரவள்ளி பிடுங்குவதுபோல் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். நடுவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் ஓடினேன். சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றுக்குள் ஓடினேன். பந்தோடு நின்ற என் தங்கை என் கையைப் பிடித்தாள்.

"விடுங்கோ அக்கா. ஜஸ்ட் வன் கிக்தானே."

எனக்குத் தலை வெடித்தது. அந்தத் தானே! இடத்தை விட்டு எழும்பு என்று யாராவது சொன்னவுடன் எழும்பி எழும்பித்தான் நாங்கள் இரண்டு நாடு கடந்து வந்திருக்கிறோம். ஒவ்வொரு தரமும் வாயில் ஒரு தானே. வீடுதானே, பள்ளிக்கூடம்தானே, உயிர் தப்பினால் போதும்தானே. இங்கே துவக்கோடு ஒருவரும் நிற்கவில்லை. விசிலோடு நிற்கிற ஒரு மனிதருக்கும் அதே தானே என்றால் பிறகு எங்கேதான் நிற்பது?

"நீ இதிலயே நில்," என்று அவளிடம் சொல்லிவிட்டு அந்த மனிதரிடம் போனேன். விதியைச் சொன்னேன். ஆட்டம் முடிந்துவிட்டது கண்ணே, ஹோர்ன் கேட்கவில்லையா என்றார். கண்ணேயாம்! கோபம் வந்தால் என் ஆங்கிலம் எனக்கு முன்னால் ஓடிவிடும். குழாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். அவர் சிரித்துக்கொண்டு மற்ற முனையைப் பிடித்திருந்தார்.

அப்போது பின்னாலிருந்து என் கணவரின் குரல் வந்தது. வெளியில் யாருக்கும் போங்கோ என்பதற்குக் குறைந்து சொல்லியறியாத மனிதர், அந்த வெள்ளைக்காரரின் மூக்குக்கு நேரே விரலை நீட்டி, கத்தினார்.

"போ! போடா!"

இந்தத் தரமும் அவர் சொன்னது தமிழ்தான். ஆனால் கரையில் நின்றவர்களுக்குக் கேட்டது வேறு. ஒரு மனிதர் தன்னுடையதல்லாத ஒன்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கிறார், ஒருவர் 'போல்' என்று கத்துகிறார். எங்கள் பெண்கள் கத்தினார்கள். எதிரணிப் பெண்களும் கத்தினார்கள். முதுகில் தட்டினவரும் கத்தினார். சுற்றிவர எல்லாப் பக்கமிருந்தும் "போஓஓ!" என்று வந்தது. அந்த மனிதர் திகைத்துப்போய்க் குழாயை விட்டார்.

நடுவருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. விசிலை ஊதி, உதைக்கச் சொல்லிக் கைகாட்டினாள்.

பிடுங்கின குழி சேறாகி, குழாய் நிற்க மாட்டேன் என்றது. என் கணவர் அதைக் குழிக்குள் ஊன்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அந்தப் பையன்களுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். என் தங்கை பின்னால் நடந்து, ஓடி வந்து உதைத்தாள்.

பந்து நேராகத்தான் வந்தது. வேகமாகவும் வந்தது. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு, குழாயோடு சேர்ந்து அரை அடி உள்ளே சாய்ந்தார். டொக்கென்று ஒரு சத்தம்.

கம்பத்தில் பட்டால் ஒரு புள்ளி.

அவரை என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதற்குள் அந்த மனிதர் என்னைப் பார்த்து, "ஒரு புள்ளிக்கா இவ்வளவு கூத்து? எப்படியும் தோல்விதானே?" என்றார். என் தங்கை எங்களைத் தாண்டிப் போனாள். புள்ளிப் பலகையை ஏற்கெனவே மடித்துப் புல்லில் சாய்த்திருந்தார்கள். அதைத் தூக்கி விரித்தாள். பழைய எண்ணைச் சேற்றுக் கையால் அழித்து, சோக்கட்டி தேடி எடுத்து, ஒன்று கூட்டி எழுதினாள். எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் காருக்கு வந்தாள்.

அடுத்த குளிர்காலம் அந்த மைதானம் பெண்களுக்குக் கிடைக்கவில்லை. காரணம் கேட்டதற்கு ஒழுங்கான பதில் இல்லை. தாதிமார் சிலர் ஊர் திரும்ப, அணிகளும் கலைந்தன. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து இன்னொரு விருந்து. அதே அக்கா, அதே மாதிரிப் பாயசக் கோப்பை. என் தங்கையின் பக்கத்தில் இருந்து, இரக்கப்படுகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

"நாலு புள்ளியாலை தோத்துப்போனியளாம், என்ன?"

நான் வாயைத் திறக்குமுன் என் தங்கை தன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நாலு இல்லை அக்கா," என்றாள். "மூண்டு."