அம்மாவுக்குக் கையெழுத்துக் கற்றுக்கொடுத்த கல்லூரி

எங்கள் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று ஒரு கல்லூரி வண்ணத்தில் அச்சடித்து, ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் காது மடல் சுடுகிறது.

அம்மா பத்தாவது வரை படித்தவள். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மணலில் கிடக்கும் எங்கள் குப்பத்தில், அவள் வயதுப் பெண்களில் அவ்வளவு படித்தவர்கள் வேறு யாரும் இல்லை. காலையில் நைனா கொண்டுவரும் நண்டையும் இறாலையும் பழவேற்காட்டுக் கடைத்தெருவில் விற்றுவிட்டு வருவாள். மத்தியானம் குப்பத்துக்கு எழுத்து வேலை பார்ப்பாள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, தண்ணீர் லாரி வராததைச் சொல்ல, பள்ளிக்கூடக் கூரை ஒழுகுவதைச் சொல்ல, எல்லா மனுவும் அவள் கைப்பட எழுதியதுதான். அக்காவுக்கும் எனக்கும் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடம் அல்ல, அம்மாதான். எழுத்து சாய்ந்தால் விரல் முட்டியில் ஒரு தட்டு விழும். எங்கள் வீட்டில் கையெழுத்தைத் தவிர வேறெதுவும் எழுத வராதவர் நைனா ஒருவர்தான். அவரைப் படம் எடுத்துப் போட்டிருந்தால்கூட நான் ஒருவாறு பொறுத்துக்கொண்டிருப்பேன்.

அந்தக் கல்லூரியில் அக்கா இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தூரம் என்பதால் விடுதியில் தங்கியிருந்தாள். அவள் கல்லூரியிலிருந்து மாணவர்கள் எங்கள் குப்பத்துக்கே சேவை முகாம் நடத்த வருகிறார்கள் என்று தெரிந்ததும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா மட்டும் வரவில்லை. பட்டியலில் தன் பெயர் இல்லை என்று போனில் சொன்னாள். அம்மா அதை நம்பினாள். நானும் நம்பினேன்.

ஏழு நாள் முகாம். புயல் பாதுகாப்புக் கட்டிடத்தில் தங்கினார்கள். எல்லோரும் ஒரே நிறத்தில் பனியனும் தொப்பியும் போட்டிருந்தார்கள். கரையில் கிடந்த பிளாஸ்டிக்கைப் பொறுக்கினார்கள். நிழலே கிடைக்காத இடமாகப் பார்த்து இருபது மரக்கன்று நட்டார்கள். வீடு வீடாக வந்து, கழிப்பறை உண்டா, பத்திரிகை படிப்பீர்களா என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் அம்மா ஒரு பெரிய குண்டான் நிறைய நண்டுக் குழம்பு வைத்து அனுப்பினாள். “நம்ம பொண்ணு கூடப் படிக்கிற பசங்க” என்று ஒரு வரி. அதைக் குழம்பைத் தூக்கிப் போன என்னிடம்தான் சொன்னாள், அவர்களிடம் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் வலை பின்னும் கொட்டகையில் ஒரு கரும்பலகையைச் சாய்த்து வைத்தார்கள். முதியோர் கல்வி. பெண்கள் எல்லோரும் மீன் விற்கப் போயிருந்த நேரம் அது. அதுகூடத் தெரியாதவர்கள்தான் எங்களுக்குப் படிப்பு சொல்ல வந்திருந்தார்கள். அன்றைக்கு அம்மா மட்டும் சீக்கிரம் திரும்பியிருந்தாள். கேமரா வைத்திருந்த ஒரு மாணவன் ஓடி வந்து கூப்பிட்டான்.

“அக்கா, ஒரு நிமிஷம் வந்து உக்காருங்க. பேனாவைப் பிடிங்க. இந்தப் பொண்ணு உங்க கையப் பிடிச்சு எழுதற மாதிரி ஒரு போட்டோ.”

“எனக்கு எழுதத் தெரியும், கண்ணு” என்று அம்மா சிரித்தாள்.

“தெரியுங்க்கா. சும்மா போட்டோவுக்குத்தான்.”

கையைப் பிடிக்க நின்ற பெண்ணுக்குக் காலையிலிருந்து வெயிலில் நின்று முகம் கறுத்திருந்தது. அவள் பாவம் என்று அம்மா உட்கார்ந்துவிட்டாள். காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. அம்மாவின் கண்ணில் தூசி விழுந்து நீர் கோத்துக்கொண்டது. துடைக்கப் போனவளை, “அப்படியே இருங்க, அப்படியே இருங்க” என்று சொல்லி அவன் நாலைந்து முறை எடுத்தான்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். அம்மாவோடு நான் பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்த அத்தம்மா, எங்களுக்கு உறவில்லை, எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம், அம்மாவைப் பார்த்ததும் தையல் மிஷினை நிறுத்தினாள். அவள் மகனும் அதே கல்லூரியில் படித்தான். மேசைக்குக் கீழேயிருந்து வழவழப்பான நாலு பக்கத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“இன்னாக்கா இது? உன்னியப் போயி இப்படிப் போட்டுக்கிறாங்க? எனக்கு லெட்டரு எழுதிக் குடுக்கிறதே நீதானே!”

‘வளாகச் செய்திகள்’ என்று மேலே இருந்தது. மூன்றாம் பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு அம்மா. கீழே கட்டம் கட்டி எழுதியிருந்தார்கள்: ‘வாழ்வில் முதன்முறையாகத் தன் பெயரை எழுதும் மீனவப் பெண். இருள் விலகிய மகிழ்ச்சியில் அவர் விழிகளில் ஆனந்தக் கண்ணீர்!’

அந்தத் தாளை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. கல்லூரி நூலகம் இனி மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்திருக்கும். ஆய்வக உதவியாளர் ஒருவர் பணி ஓய்வு பெறுகிறார், அவருக்கு வாழ்த்துகள். கைப்பந்து அணி இறுதிப் போட்டி வரை சென்று வந்தது. கல்லூரிப் பேருந்து இனி பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படும். இவை எல்லாம் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். பேருந்து நேரத்தைத் தப்பாகப் போட்டால் ஆசிரியர்கள் சும்மா விடுவார்களா? அம்மாவைப் பற்றித் தப்பாகப் போட்டால் கேட்க ஆளில்லை என்று நினைத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே அம்மா அக்காவுக்குப் போன் செய்தாள். “விடும்மா, அதப் போயி யாரு படிக்கப் போறாங்க” என்று அக்கா சொன்னது எனக்கும் கேட்டது.

“நீ இதுல தலயிடாத. வாத்தியாருங்களப் பகைச்சிக்கினா உன் மார்க்குல கை வைப்பாங்க. நான் பாத்துக்கிறேன்” என்று அம்மா போனை வைத்தாள்.

நைனாவும் விடச் சொன்னார். விட்டிருக்கலாம். குப்பத்து ஆம்பிளைகள், “இன்னா, எழுதக் கத்துக்கினியாமே?” என்று கேலி செய்ததைக்கூட அம்மா சிரித்துத் தள்ளிவிட்டாள். ஆனால் அடுத்த வாரம் குடிதண்ணீர்க் குழாய் கேட்டு எழுதிய மனுவோடு அவள் போன அலுவலகத்தில் இருந்த ஆளின் பிள்ளையும் அதே கல்லூரியில் படித்தது எங்கள் தலையெழுத்து. அந்த ஆள் மனுவைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான்.

“ஏம்மா, இப்பத்தானே பேரு எழுதக் கத்துக்கிட்ட? இத யாரு எழுதிக் குடுத்தது? பின்னாடி இருந்து யாரு தூண்டி விடறாங்க?”

மனுவை வாங்கிக்கொள்ளவில்லை. நூற்றிருபது வீட்டுக்குக் குடிதண்ணீர், யாரோ ஒருவன் எடுத்த ஒரு படத்தால் நின்றது.

அம்மா கோடு போட்ட தாளில் கல்லூரிக்குக் கடிதம் எழுதினாள். பதில் இல்லை. இன்னொன்று எழுதினாள். அதற்கும் இல்லை. எழுதத் தெரியாதவளின் கடிதம் என்று பிரிக்காமலே போட்டுவிட்டார்களோ என்னவோ. ஒரு சனிக்கிழமை நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு புறப்பட்டாள். பஸ் திருப்பாலைவனம் தாண்டும்போது எனக்குக் கட்டளை பிறந்தது.

“நம்ம பொண்ணு அங்க படிக்குதுன்னு மூச்சு வுடக் கூடாது. வேல முடிஞ்சப்புறம் ஆஸ்டல்ல போயி அவளப் பாக்கலாம். இன்னா?”

செய்தித்தாளைக் கவனித்துக்கொள்ளும் பேராசிரியர் மரியாதையான மனிதர்தான். அதுதான் இன்னும் எரிச்சல். கண்ணாடி போட்ட பெரிய மேசைக்கு அப்பால் உட்கார்ந்து, எங்களை நாற்காலியில் உட்காரச் சொன்னார். எனக்கு பிஸ்கட் வரவழைத்தார். நான் தொடவில்லை. அம்மா பேசியதையெல்லாம் குழந்தையிடம் கேட்பதுபோலத் தலையாட்டிக் கேட்டார்.

“இதுல தப்பா ஒண்ணும் இல்லையேம்மா. உங்க சமூகத்துக்கே பெருமையான விஷயம்தானே?”

“எனக்கு எழுதத் தெரியும், சார். அன்னிக்கே சொன்னேன். தெரியாதுன்னு போட்டது பொய்யி. அது பொய்யின்னு நீங்களே திருப்பிப் போடணும்.”

அவர் முகம் லேசாக மாறியது. “படத்துக்குக் கீழ உள்ளதையெல்லாம் ஆசிரியர்கள் எழுதறதில்லம்மா. அது முழுக்க மாணவர் குழு. நம்பலன்னா கையால எழுதிக் கொடுத்ததே இருக்கு, பாருங்க.” அலமாரியைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தார். தன் மேல் பழி இல்லை என்று காட்டுவதில் அவ்வளவு அவசரம். ஒரு தாளை உருவி அம்மாவின் முன்னால் வைத்தார்.

நானும் எட்டிப் பார்த்தேன். நீல மையில், சாயாத எழுத்து. அந்த ஆனந்தக் கண்ணீர் வரிதான். அம்மா எழுத்துப் போலவே இருக்கிறதே என்று எனக்கு முதலில் தோன்றியது. இவ்வளவு அழகான எழுத்தை வைத்துக்கொண்டு பொய் எழுதியிருக்கிறார்களே என்று அடுத்து கோபம் வந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அம்மா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வரி படிக்க அவளுக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

“எழுதின பொண்ணு ஆஸ்டல்லதான் இருக்கும். இப்பவே கூப்பிட்டு உங்ககிட்ட மன்னிப்பு கேக்கச் சொல்றேன்” என்று அவர் மணியை அழுத்தக் கை நீட்டினார்.

“வேணாம், சார்!”

அம்மாவின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. எழுந்து நின்றுவிட்டாள். “வேணாம். பசங்கதானே. தெரியாம எழுதிட்டிருப்பாங்க. கூப்பிடாதீங்க.”

“அப்ப திருத்தம் போடறதா?”

“அதுவும் வேணாம், சார். நாங்க வரோம்.”

கும்பிட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். விடுதிக்குப் போகவில்லை. நேராக பஸ் நிறுத்தம். நான் வழி நெடுக அழுதேன், கத்தினேன், மன்னிப்பு கேட்க வைக்கிறேன் என்றவரை ஏன் தடுத்தாய் என்று அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். பொன்னேரியில் அடுத்த பஸ்ஸில் என்னை ஏற்றி உட்காரவைத்தாள்.

திங்கட்கிழமை மறுபடியும் அந்த அலுவலகத்துக்குப் போனாள். இந்த முறை வெறும் தாளும் பேனாவும் மட்டும் கொண்டுபோனாள். அந்த ஆளின் மேசை மேலேயே தாளை வைத்து, நின்றபடியே மனு முழுவதையும் எழுதினாள். “யாரு எழுதிக் குடுத்தாங்கன்னு இப்ப எழுதிக்கோ” என்று அவன் முன்னால் தள்ளினாளாம். கூடப் போன பெண்கள் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அடுத்த மழைக்கு முன்னால் குழாய் வந்தது. அந்த ஆளிடம் நின்று பேசிய வாய் பேராசிரியரிடம் ஏன் அடைத்துக்கொண்டது என்று எனக்குப் புரியவே இல்லை.

பொங்கலுக்கு அக்கா வந்தாள். அவள் பையைக் கீழே வைப்பதற்குள் நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். இந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே கூட்டாளி அவள்தான் என்று நினைத்திருந்தேன்.

“பாருக்கா, இன்னா எழுதிக்கிறாங்க பாரு! எழுதனவ யாருன்னு கண்டுபிடிச்சி நாலு கேளுக்கா! அவளுக்கெல்லாம் அம்மான்னு ஒருத்தி இருப்பாளா?”

அக்கா தாளை வாங்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து வந்து என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். விரல் முட்டியில் தட்டியதைத் தவிர அதற்கு முன்னும் பின்னும் அவள் என்னை அடித்ததில்லை.

“வாய மூடு. அவ இப்பத்தான் பஸ்ஸ வுட்டு எறங்கி வந்துக்கிறா. போயி தண்ணி மொண்டு குடு.”

நியாயம் கேட்டவளுக்கு அறை, கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றவளுக்குத் தண்ணீர். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அக்காவும் சாப்பிடவில்லை. எனக்காகத்தான் அவளும் பட்டினி கிடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா இப்போது மீஞ்சூரில் குடியிருக்கிறாள். போன வருடம் நான் போயிருந்தபோது, கேட்காமலே அவளாகச் சொன்னாள்.

“அந்த போட்டோ வந்தப்போ எங்க பேப்பர் குழுவுல ஆறு பேர் சுத்தி நின்னுக்கினு பாத்தாங்க. பாவம்டி இந்தப் பொம்பளன்னு ஒருத்தி சொன்னா. எங்க அம்மான்னு சொல்ல எனக்கு வாயி வரல. நான் பொன்னேரிதான்னு அதுக்கு முன்னாடியே எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன். மீன் நாத்தம்னு எவளாவது மூக்கப் பிடிச்சிக்குவாளோன்னு பயம். உனக்குத்தான் கையெழுத்து நல்லா இருக்கே, நீயே எழுதுன்னு பேப்பர என் கையில குடுத்துட்டாங்க.”

அக்கா அழுதாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. எழுதத் தெரிந்த ஒருத்தியை எழுத்தறியாதவளாக உட்காரவைத்து, அவள் பெற்ற பெண்ணின் கையாலேயே அதை எழுதவும் வைத்து, எல்லோருக்கும் விநியோகித்துவிட்டு, அடுத்த இதழுக்குப் போய்விட்டார்கள். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

அந்தக் கண்ணாடி மேசையைப் பார்த்து அம்மா பயந்துவிட்டாள் என்றே பல வருடம் நம்பியிருந்தேன். அவள் பயந்தது உண்மைதான். பேராசிரியர் மணியை அழுத்தினால் அக்கா வந்து நிற்பாள். இவர்களை உனக்குத் தெரியுமா என்று அவர் கேட்பார். தெரியாது என்று அவள் சொல்லிவிடுவாளோ என்றுதான் அம்மா பயந்தாள். பக்கத்தில் பிஸ்கட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியவில்லை.