பல்புக்குள் ஒட்டின கம்பி

எனக்கு வடிவாய் எழுத வராது, அஞ்சாம் வகுப்போடை நின்றுவிட்டேன். கனக்க மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கோ.

போன கிழமை மகள் புதுப் பல்ப் ஒன்று வாங்கி வந்தாள். பழக்கத்திலே காதடியில் வைத்து ஆட்டிப் பார்த்தேன். சிரித்தாள். "அம்மா, உதுக்குள்ளை கம்பி ஒண்டும் இல்லை."

முந்தின பல்ப் வெறும் கண்ணாடி. உள்ளே தலைமயிரிலும் மெல்லிசாய் ஒரு சுருள் கம்பி, அறுந்திருந்தால் ஆட்டேக்கை கிலுகிலுக்கும். டங்ஸ்ரனாம். இறக்குமதியைத் தடுத்திருந்த காலத்தில் கடைகளில் பல்பே கிடையாது. எங்கள் வீட்டின் கடல்பக்கச் சுவரில் ஒன்று இருந்தது. கடலுக்குள் கிடக்கிற கற்பாருக்கு, அந்தப் பாறைகளுக்கு, நடுவாலே வள்ளம் கரைக்கு வர அந்த வெளிச்சம்தான் குறி. கனநாள் இருக்கட்டும் என்று மாமி, என் மனுசனின் தாய், விளக்குத் திரியைக் குறைக்கிறமாதிரி, அதை அணைச்சு அணைச்சுப் போடுவா.

ஒரு நாள் பொழுதுபட்டு மைம்மல் நேரம், மழை இருட்டு. என் மனுசன் மீனுக்குப் போய்க் கடலிலே. மாமி சுவிச்சைப் போட, படக்கென்று ஒரு வெளிச்சம், பிறகு ஒன்றும் இல்லை. அரிக்கன் லாம்பைக் கொளுத்தினால் காற்று விடவில்லை.

இவருடைய தங்கச்சி, என் மச்சாள், கை சும்மா இராதவள். கதிரையில் ஏறினாள்.

"அணைச்சு அணைச்சுத்தான் அதின்ரை சீவனை எடுத்தனியள் அம்மா. எரியேக்கை சாகாது, அணைச்சுப்போட்டுத் திரும்பப் பத்தேக்கைதான் சாகும்."

"ஓமடி, பெரிய எஞ்சினியர். விழுந்து காலை முறி."

சுவிச் போட்டபடியே இருக்க, மச்சாள் பல்பை விரலால் மெல்லத் தட்டினாள். அறுந்த நுனி ஊஞ்சல்மாதிரி ஆடிப்போய் மற்ற நுனியில் பட்டது. ஒரு பொறி. பிறகு, என்னத்தைச் சொல்ல, முந்தியிலும் வெள்ளையாய் வெளிச்சம்! அறுந்தது தன்னாலே ஒட்டிவிட்டது. கைகூப்பிப்போட்டேன்.

"இனி ஒருத்தரும் தொடப்படாது. அணைச்சால் திரும்பப் பத்தாது" என்றாள் மச்சாள்.

மாமி சுவிச்சுக்குக் கீழே பாயைப் போட்டுக் காவல் இருந்தா. விடிந்தும் வள்ளத்தைக் காணவில்லை, அணைக்கவில்லை.

"சூரியனுக்கும் வழி காட்டுறியளோ?" என்று அயல்வீட்டார் வேலிக்கு அங்காலே நின்று சிரித்தார்கள். மாமி அசையவில்லை. வெயிலுக்குள்ளும் அந்த மயிரளவு ஒட்டு நடுங்கி நடுங்கி எரிந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வள்ளம் வந்தது. இவர் உப்பும் ஈரமுமாய் உள்ளே வந்தார்.

"ராவு லைற்றைப் பாத்துத்தான் கல்லுக்கு வெளியாலை நிண்டனான், இல்லாட்டி அதிலைதான் ஏத்தியிருப்பன்" என்றவர், "அதுக்கேன் பகலிலையும் எரியுது?" என்று சுவிச்சை நிப்பாட்டிப்போட்டார்.

"ஐயோ!" என்றாள் மச்சாள்.

"விடடி," என்றா மாமி. "ஆள் வந்திட்டான்."

பிறகு அது பத்தவே இல்லை.

மாமியும் மச்சாளும் இவரும் இப்போது இல்லை. அறுந்தால் ஒட்டுகிற பல்பும் இல்லை. கம்பி அப்படி ஒட்டுமோ, டங்ஸ்ரன் என்பதுதான் பேரோ, படித்த ஆராவது பார்த்துத் திருத்திவிடுங்கோ. அந்த வெளிச்சத்தை மட்டும் குறைத்துப் போடாதேங்கோ.