பாப்பாத்தியின் அடுப்புக்கு மேலே

மலைமேல் பைல் நாடு என்ற பகுதியில், ஒரு மேட்டில் ஏழு வீடுகள். ஐந்து பூட்டிக் கிடக்கின்றன. ஆறாவது வீட்டுக்காரருக்குக் காது கேட்காது. ஏழாவது பாப்பாத்தியின் வீடு. வயது ஐம்பத்திரண்டு, கணவர் இல்லை, மகன் திருப்பூரில். பேச்செல்லாம் கோழிகளிடம்தான். அவை எதிர்த்துப் பேசுவதில்லை என்பது அவருக்குப் பெரிய குறை.

மாதம் ஒருமுறை ஆர்த்தி வருவாள். சேலத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆராய்ச்சி மாணவி. பாப்பாத்தி பறித்து உலர்த்தித் தரும் நிலவேம்பு இலையின் சாற்றில் வெள்ளி உப்பைக் கலந்து, ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரம் நிற்கிற அளவுக்குப் பொடியான வெள்ளித் துகள் செய்கிறார்கள். அது சிக்குன்குனியா வைரஸின் மேல் ஒட்டிக்கொண்டு, அதை உடம்பின் செல்லுக்குள் நுழையவிடாமல் தடுக்க வேண்டும். இது திட்டம். வைரஸுக்கும் ஒரு திட்டம் இருக்கிறது.

ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில், பாப்பாத்தி முதலில் கொடுத்த இலை மூட்டை மட்டும் வேலை செய்தது. அடுத்தவை படுத்துவிட்டன. காரணம் தேடி ஆர்த்தி மண்ணை எடுத்தாள், ஊற்றுத் தண்ணீரை எடுத்தாள். பேராசிரியர் மலையின் உயரத்தையே சந்தேகித்தார். அடுப்பை யாரும் சந்தேகிக்கவில்லை.

"நிழலில் உலர்த்துங்க" என்றுதான் சொல்லியிருந்தார்கள். முதல் மூட்டையின்போது அடைமழை. விதை ராகியைப் போடுவதுபோல இலையை அடுப்புக்கு மேலே பரணில் போட்டார் பாப்பாத்தி. அங்கேயும் வெயில் படாதே! பிறகு மழை விட்டது. இலை வாசல் பந்தலடியில் காய்ந்தது, தோற்றது. புகைதான் காரணம் என்று அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. சொன்னால் ஆர்த்தி சேலத்திலேயே புகை போட்டுக்கொள்வாள். அப்புறம் இந்த வீட்டுக்கு யார் வருவார்கள்? ஐந்து மாதம் வாய் திறக்கவில்லை.

போன வாரம் ஆர்த்தி வந்து, வேகவைத்த மரவள்ளிக் கிழங்கைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இதான் கடைசிங்க. காரணம் தெரியலைன்னா மூடிரலாம்னு சார் சொல்லிட்டாரு."

"மூடுனா நீ?"

"வரமாட்டேங்க்கா."

பாப்பாத்தி கோழிகளைப் பார்த்தார். அவை வழக்கம்போல உதவவில்லை.

"மேல பாரு கண்ணு."

ஆர்த்தி அண்ணாந்து பார்த்தாள். கரி படிந்த பரண். "புகையா! ஏங்க்கா இத்தன நாளா சொல்லல?"

"மண்ணக் கேட்ட, தண்ணியக் கேட்ட. அடுப்பக் கேட்டியா?"

ஆர்த்திக்குக் கோபமா சிரிப்பா, தெரியவில்லை. நோட்டைத் திறந்தாள். "என்ன வெறகுங்க்கா?"

"மழைக்குச் சிக்குனதெல்லாம்தான். எதோட புகைன்னு எனக்கென்ன தெரியும் சாமி? ஒண்ணொண்ணா எரிச்சுத்தான் பாக்கோணும். மாசத்துக்கு ஒண்ணு."

"மொத்தம் எத்தன வெறகு?"

பாப்பாத்தி விரலை மடக்க ஆரம்பித்தார். பலா, காப்பிக் கிளை, கொய்யா... பத்து விரலும் முடிந்ததும், மறுபடி முதல் விரலுக்கு வந்தார்.