ஜலீல் மாஸ்டரின் வெறும் நெருப்புப்பெட்டி

நெளுக்குளத்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு அந்த அழைப்பு வந்தபோது மத்தியானச் சாப்பாடு பாதியில் இருந்தது. புத்தளத்திலிருந்து ஜலீல் மாஸ்டரின் மகள் பேசினாள். “சேர், வாப்பா மௌத்தாகிட்டார்.” கையைக் கழுவினேன். அந்தச் சாவுச் செய்திக்கு மேல் சாப்பிட முடியவில்லை.

சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் முல்லைத்தீவில் எங்களோடு கற்பித்தவர்களுக்கு அவரைத் தெரியும். இடம்பெயர்ந்து பல வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு, குடும்பத்தை அங்கேயே விட்டுத் தனியே திரும்பி வந்த புவியியல் ஆசிரியர். கல் பொறுக்குவதில் பைத்தியம். ஆனால் மிதிவெடிக்குப் பயந்து காட்டில் கால் வைக்க மாட்டார். எங்கே புதுக்கிணறு வெட்டுகிறார்கள் என்று தேத்தண்ணிக் கடைகளில் விசாரித்து, சைக்கிளில் போய், வெளியே கொட்டிய மண்ணைக் கிளறுவார். “வெட்டினவன் உயிரோட மேல வந்திட்டான். அந்த மண்ணை நம்பலாம்” என்பார்.

துணுக்காய்க் கிணறொன்றில் மினுங்கும் காக்காப்பொன் கிடைத்தது. கண்டாவளைக்கு என்னையும் வெயிலில் இழுத்துப் போனார். அங்கே வெறும் களிமண்தான். “மாணிக்கம் கிடைச்சுதோ மாஸ்டர்?” என்று கிணற்றுக்காரர் சிரித்தார். “ஓம், உங்கட களி” என்று ஓர் உருண்டை உருட்டி நெருப்புப்பெட்டியில் வைத்தார். ஒவ்வொரு பெட்டியிலும் ஊரையும் கிணற்றுக்காரர் பெயரையும் எழுதுவார்.

ஒரு பெட்டி மட்டும் வெறுமையாக இருந்தது. அதன் மேல் “எங்கள் காணி, வாப்பா வெட்டிய கிணறு” என்று எழுதியிருந்தார். அந்தக் காணி மிதிவெடி எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் கிடந்தது. வீதியில் நின்றாலே கிணற்றுக்கட்டு தெரியும்.

நான் செய்த மடைத்தனத்தையும் சொல்லவேண்டும். அவர் அந்தக் கிணற்றைப் பார்த்தபடி நிற்பதைத் தாங்காமல், ஒரு பின்னேரம் எச்சரிக்கை நாடாவைத் தாண்டி ஓடி, கிணற்றடிக் கல் ஒன்றை எடுத்து வந்து நீட்டினேன். மகிழ்வார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளிறிவிட்டது. “உங்கட பிள்ளையளுக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?” என்று கத்தினார். கல்லைத் தொடவே இல்லை. வீதியோரத்தில் போட வைத்தார். கிழமைக்கணக்காக என்னோடு கதைக்கவில்லை.

சண்டை மறுபடி தொடங்கி அவர் புத்தளம் புறப்பட்டபோது கல்லுகளையெல்லாம் மூட்டையாகக் கட்டினார். வெறும் பெட்டியை மட்டும் என் கையில் வைத்தார். “பலகையைக் கழட்டின பிறகுதான் கல்லெடுக்கப் போகோணும். ஓடிப்போறேல்லை, சரியோ?” நான் தலையாட்டினேன். வாயால் சொல்லும்வரை கையை விடவில்லை.

பிறகு நானும் இடம்பெயர்ந்து இங்கே வந்துவிட்டேன். அந்தப் பெட்டி என் மேசையில் இருக்கிறது. பலகையை யாரும் இன்னும் கழற்றவில்லை. அவர் வாப்பாவின் கிணற்றுக் கல்லை ஒரு முறையாவது அவர் கையில் வைத்துவிட முடியவில்லையே. ஆனாலும் மாஸ்டர், நான் ஓடமாட்டேன்.